ஆற்றங்கரைக்கு ஆலை வருமுன் கேட்க வேண்டியவை

ஆற்றோரமாக ஒரு பெருங்காணியை அளக்கிறார்களாம் என்ற செய்தி ஓர் ஊருக்குள் வந்தால், அன்றே இரண்டு கதைகள் கிளம்பும். "பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்" என்பது ஒன்று. "ஆறு நாசமாகப் போகும்" என்பது மற்றது. தேநீர்க் கடையிலும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்திலும், கல்யாண வீட்டுச் சமையற்கட்டிலும் இந்த இரண்டும் மோதிக்கொள்ளும். இரண்டு பக்கத்தாரில் எவரும் அந்தத் திட்டம் பற்றிய ஒரு தாளைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்ப்பதற்குத் தாள் ஒன்று உண்டு, அதைப் பார்க்க நமக்குச் சட்டப்படி உரிமையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

இதை மனதில் வைத்து இவ்வருடம் உயர்தரப் புவியியல் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். களனி கங்கையின் கீழ்ப்பகுதியில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், 40 ஹெக்டேயர் காணியில் ஒரு கைத்தொழிற்பேட்டை அமைக்கத் திட்டமிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டாரிடமும் அயலவரிடமும் பேசி, கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வாருங்கள் என்றேன். பேட்டை கற்பனை, ஆறும் சட்டமும் உண்மையானவை. கேள்விகள் இரண்டு கொப்பிகளை நிரப்பின. அவற்றுள் சிலவற்றை எடுத்து, எது பலமான கேள்வி, எது பலமற்றது, ஏன் என்று விளக்குவதே இக்கட்டுரை.

நான் ஆலைகளுக்கு எதிரானவள் என்று எவரும் எண்ண வேண்டாம். என் ராத்தா பியகம வலயத்தில் தையல் ஆலையொன்றில் ஆறு வருடம் வேலை செய்தார். அவர் அனுப்பிய காசில்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். ஆகவே "ஆலையே வேண்டாம்" என்று எழுதிவந்த கொப்பிகளுக்கு நான் அதிக புள்ளி போடவில்லை. "ஆலை வரட்டும், ஆனால்…" என்று தொடங்கியவற்றைத்தான் இரண்டு தடவை வாசித்தேன்.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். களனி கங்கை சிவனொளிபாத மலைத்தொடரில் ஊற்றெடுத்து, ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பின் வட எல்லையில் கடலைச் சேர்கிறது. கித்துல்கல, அவிசாவளை, ஹங்வெல்ல, மல்வானை, கடுவெல என்று அது தொட்டுவரும் ஊர்கள் அநேகம். கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால், அம்பத்தளையில், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அதன் நீரை எடுத்துச் சுத்திகரிக்கிறது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குழாயைத் திறந்தால் வருகின்ற நீரில் மிகப் பெரும் பங்கு இந்த ஆற்றினுடையது. நாம் வுழூச் செய்வதும், சோறு ஆக்குவதும், குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அதில்தான்.

அதே ஆற்றில், அம்பத்தளைக்கு மேலே, 1980களின் நடுப்பகுதியில் பியகம ஏற்றுமதி வலயம் அமைந்தது. அதற்கும் மேலே அவிசாவளையில் 1999இல் சீதாவக்க கைத்தொழிற்பேட்டை வந்தது. இரண்டிலும் பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. பியகமவில் சுத்திகரித்து வெளியேறும் நீர் ரக்கஹவத்த எல எனும் சிற்றோடை வழியாகக் கங்கையைச் சேர்கிறது. ஆலை மேலே, குடிநீர் எடுக்கும் இடம் கீழே. இந்த ஒழுங்கை இனி எவராலும் மாற்றி வைக்க முடியாது. அதனால்தான் புதிதாக ஒன்று வருமுன் கேட்கும் கேள்விக்கு இவ்வளவு பெறுமதி.

கேட்பதற்கு எங்கே இடமிருக்கிறது? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் ஒரு திருத்தம் வந்தது. குறித்த வகைப் பெருந்திட்டங்கள் ஆரம்பமாகுமுன் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட வேண்டும் என்ற விதி அதில்தான் பிறந்தது. எந்தெந்தத் திட்டங்கள் என்ற பட்டியல் 1993 ஜூன் மாத வர்த்தமானியில் வெளியானது. 10 ஹெக்டேயருக்கு மேற்பட்ட கைத்தொழிற்பேட்டைகள் அப்பட்டியலில் உள்ளன. எமது கற்பனைப் பேட்டை 40 ஹெக்டேயர், ஆகவே தப்ப வழியில்லை. அதே பட்டியலில் ஆறு பற்றியும் ஒரு வரையறை உண்டு: தன் போக்கில் ஏதேனும் ஓரிடத்தில் 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் வருவது தனிக் கவனத்துக்குரியது. (பியகம வலயம் அமைந்தபோது இந்தப் பிரிவு சட்டத்தில் இருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அன்றைய ஊர்மக்களுக்கு இந்தக் கதவே கிடையாது.)

மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் அது பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாகச் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவித்தல் வரும். வழமையாக மத்திய சுற்றாடல் அதிகார சபையிலும், சம்பந்தப்பட்ட பிரதேச செயலகத்திலும், உள்ளூராட்சி சபையிலும் அதைப் பார்க்கலாம். அறிவித்தல் வந்து 30 நாட்களுக்குள் பொதுமக்களில் எவரும் தம் கருத்தை எழுத்தில் அனுப்பலாம். காணிச் சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை. பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை. வந்த கருத்துகளுக்குத் திட்டத்தை முன்வைப்பவர் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். அவசியம் என்று கருதினால் அங்கீகரிக்கும் நிறுவனம் பொது விசாரணையும் வைக்கலாம். இந்த முப்பது நாளில் வாய் திறக்காத ஊருக்கு அடுத்து இருப்பது நீதிமன்றப் படி மட்டும்தான். திட்டம் மறுக்கப்பட்டால் அதை முன்வைத்தவர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்ய முடியும். திட்டம் அனுமதிக்கப்பட்டால் ஊர்மக்களுக்கு அதுபோன்ற மேன்முறையீட்டு உரிமையைச் சட்டம் தரவில்லை. இது எனக்கு நீதியாகப் படவில்லை. ஆனாலும் இன்றைய நிலைமை அதுதான்.

இனிக் கொப்பிகளுக்கு வருவோம்.

மிக அதிகமான கொப்பிகளில் இருந்த கேள்வி: "கழிவுநீரைச் சுத்திகரிப்பார்களா?" கேட்க வேண்டியதுதான். ஆனால் இதற்கு ஆம் என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். எந்த அறிக்கையிலும் "சுத்திகரிக்க மாட்டோம்" என்று எழுதியிருக்காது. ஆம் என்று சொல்லித் தப்ப முடியாதபடி கேட்பது எப்படி?

ஒரு மாணவி வேறு விதமாக எழுதியிருந்தார்: "குழாய் எங்கே முடிகிறது? ஆற்றிலா, வாய்க்காலிலா?" ஒரே வரிதான். ஆனால் எங்கள் வகுப்பின் ஒரு முழுப் பாடவேளையை அந்த வரி எடுத்துக்கொண்டது. காரணத்தைக் கணக்கோடு பார்த்தால்தான் விளங்கும்.

கழிவுநீர் எவ்வளவு அசுத்தமானது என்பதை அளக்கும் அளவுகோல்களில் ஒன்று உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி. நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று முடிக்க எவ்வளவு ஒட்சிசன் தேவைப்படும் என்பதே அது. அழுக்கு கூடினால் ஒட்சிசன் கூடத் தேவை; அப்போது மீனுக்கு மூச்சுவிட ஒட்சிசன் மிஞ்சாது. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் கழிவுநீரில் இது லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று 2008இல் வெளியான வர்த்தமானி சொல்கிறது. எல்லா அறிக்கைகளிலும் இந்த 30 வரும். "நாங்கள் 30க்குள் நிற்போம்" என்று எழுதியிருப்பார்கள். நாமும் திருப்தியோடு பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

ஆனால் அதே வர்த்தமானியின் அட்டவணைக்குக் கீழே சிறு குறிப்பொன்று இருக்கிறது. அந்த 30 என்ற எண், கழிவுநீர் போய்ச் சேருமிடத்தில் அதைப்போல் குறைந்தது 8 மடங்கு சுத்தமான நீர் கலக்கும் என்ற அடிப்படையில் போடப்பட்டது. அவ்வளவு நீர் கலக்காவிட்டால் எல்லையும் அந்த விகிதத்தில் இறங்க வேண்டும்.

வகுப்பில் இப்படிக் கணக்குப் போட்டோம். எமது கற்பனைப் பேட்டை நாளொன்றுக்கு 10,000 கன மீற்றர் கழிவுநீர் விடுகிறது என்று வைத்தோம். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். அப்படியென்றால் வினாடிக்கு ஏறக்குறைய 0.12 கன மீற்றர். கடும் வறட்சியில் களனி கங்கையில் வினாடிக்கு 20 முதல் 25 கன மீற்றர் வரை நீர் ஓடும். குழாய் நேரே கங்கையில் முடிந்தால் வறட்சியிலும் 160 மடங்குக்கு மேல் நீர் இருக்கிறது. இப்போது குழாயைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்புவோம். பங்குனி வெயிலில் அந்த வாய்க்காலில் வினாடிக்கு 0.36 கன மீற்றர்தான் ஓடுகிறது என்று கொள்வோம். அது மூன்று மடங்குதான். 30ஐ 8ஆல் பிரித்து 3ஆல் பெருக்கினால் 11 சொச்சம். அதாவது அந்த வாய்க்காலுக்கு 30 மில்லிகிராம் என்பது சட்டத்தின் எல்லைக்குள் இல்லை. 11தான் எல்லை. ஒரே ஆலை, ஒரே சுத்திகரிப்பு நிலையம், குழாய் முடியும் இடம் மாறினால் சட்டம் கேட்கும் சுத்தமும் மாறுகிறது.

ஆகவே "சுத்திகரிப்பீர்களா?" என்பதற்குப் பதிலாக, "வருடத்தில் மிகக் குறைவாக நீர் ஓடும் மாதத்தில், குழாய் முடியுமிடத்தில் எத்தனை மடங்கு நீர் கலக்கும்? அந்த அளவை எந்த மாதத்தில், எந்த இடத்தில் எடுத்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். அறிக்கைக்கான மாதிரிகள் ஐப்பசி மழையில் எடுக்கப்பட்டிருந்தால் ஆறு எப்போதும் நிறைந்தே தெரியும்.

வறட்சிக்கு இன்னுமொரு முகம் உண்டு. களனியில் பல்லாண்டு காலமாக மணல் அகழ்ந்ததால் கீழ்ப்பகுதியில் ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டது. நீரோட்டம் குறையும்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வரும். அம்பத்தளையில் உப்புநீரைத் தடுப்பதற்கென்றே மணல்மூடை அடுக்கி அணை போட வேண்டி வந்தது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் அந்த மாதங்களில்தான் ஆலைகளின் கழிவுநீருக்கும் ஆறு இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கொப்பியில், "ஒரு நாளைக்கு மொத்தமாக எத்தனை கிலோ?" என்றிருந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. கேட்டபோது அந்த மாணவி சொன்னார்: "டீச்சர், தேத்தண்ணியில சீனி கூடினா சுடுதண்ணி ஊத்துவம். இனிப்புக் குறையும், சீனி குறையாதே." அவ்வளவுதான் விஷயம். லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்பது செறிவு மட்டும். நமது 10,000 கன மீற்றரில் அது நாளொன்றுக்கு 300 கிலோ. நாளை பேட்டை விரிந்து இரண்டு மடங்கு நீர் விட்டால் 600 கிலோ. அப்போதும் "30க்குள்தான் நிற்கிறோம்" என்று சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. மேலே சீதாவக்க, பியகம, கீழே புதிய பேட்டை என்று ஒவ்வொன்றும் தன் தன் அறிக்கையில் எல்லைக்குள் நிற்கும். ஆற்றுக்கு மட்டும் எல்லாவற்றையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆகவே "ஏற்கெனவே உள்ள ஆலைகளோடு சேர்த்துப் பார்த்தால் ஆற்றின் நிலை என்ன?" என்ற கேள்வி கட்டாயம் போக வேண்டும்.

எந்தெந்த ஆலைகள் வரும் என்பதும் கைத்தொழிற்பேட்டை விஷயத்தில் தனிச் சிக்கல். ஓர் ஆலை என்றால் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியும். பேட்டை என்பது காணியும் வீதியும் மின்சாரமும் தான். குடியிருக்க வருபவர்கள் பின்னால் வருவார்கள். வெட்டித் தைக்கும் ஆலைக்கு அதிக நீர் தேவையில்லை. சாயமிடும் ஆலைக்கு ஏராளமாகத் தேவை, அங்கே உப்பும் பெருமளவில் பயன்படும். நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்ன வைக்கும் சாதாரண சுத்திகரிப்பு நிலையம் உப்பை அகற்றாது. உலோக முலாம் பூசும் ஆலையிலிருந்து வரும் பார உலோகங்களை முதலிலேயே, அந்த ஆலைக்குள்ளேயே, பிரித்தெடுக்காவிட்டால் அவை பொது நிலையத்தின் நுண்ணுயிர்களையே கொன்றுவிடலாம். அம்பத்தளையில் நடப்பதும் படிகாரமிட்டுப் படியவைத்தல், மணலில் வடித்தல், குளோரின் இடுதல் போன்ற வழமையான முறைகள்தான். சேற்றையும் கிருமியையும் அவை நன்றாக அகற்றும். நீரில் கரைந்திருக்கும் உப்பையும் பல இரசாயனங்களையும் அகற்றுவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே "எந்த வகை ஆலைகளை இந்தப் பேட்டைக்குள் ஒருபோதும் அனுமதிக்க மாட்டீர்கள்?" என்று கேட்டு, அந்தப் பட்டியலை அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனையாகவே எழுதச் சொல்ல வேண்டும்.

கொப்பிகளில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி ஒரு மாணவியின் வாப்பாவுடையது. வலயமொன்றில் கொதிகலன் பகுதியில் வேலை செய்பவர். "கரண்ட் போனா என்ன செய்வாங்க என்று கேளு மகள்" என்று சொல்லியிருக்கிறார். சுத்திகரிப்பு நிலையம் என்பது பம்பிகளாலும் காற்றூட்டும் இயந்திரங்களாலும் இயங்குவது. மின்சாரம் நின்றால் நுண்ணுயிர்களுக்குக் காற்று நிற்கும். ஆனால் ஆலைகளிலிருந்து வரும் நீர் உடனே நிற்காது. அந்த நீர் எங்கே போகும்? தேக்கி வைக்கத் தொட்டி உண்டா? எத்தனை மணித்தியாலத்துக்குப் போதும்? மாற்று மின்பிறப்பாக்கி சுத்திகரிப்பு நிலையத்துக்கும் சேர்த்தா, உற்பத்திக்கு மட்டுமா? 2022இன் நீண்ட மின்வெட்டுகளை மறந்திருக்க மாட்டோம். அறிக்கைகள் எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளை எழுதுகின்றன. ஆற்றைக் கெடுப்பது பிழைத்துப்போகும் நாள்.

அப்படியொரு நாள் 2015 ஓகஸ்ட் மாதத்தில் வந்தது. பியகமப் பகுதியிலுள்ள குளிர்பான ஆலையொன்றிலிருந்து கசிந்த டீசல் களனி கங்கையில் கலந்தது. நீரில் எண்ணெய் தெரிந்ததும் நீர் எடுப்பதை இடைநிறுத்த வேண்டியதாயிற்று; கொழும்பிலும் சுற்றிலும் பல இடங்களில் குழாய் வறண்டது. அது இராட்சத இரசாயன ஆலையல்ல, குளிர்பானம் செய்யுமிடம்தான். ஆகவே கழிவுநீரைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. எண்ணெய்த் தாங்கிகள், நிலத்தடிக் குழாய்கள், மழைநீர் வடிகான்கள் ஆகியவற்றைப் பற்றியும் கேட்க வேண்டும். பேட்டைக்குள் ஏதேனும் கொட்டுண்டால் அம்பத்தளைக்கு எத்தனை நிமிடத்தில், யார், எந்த வழியில் அறிவிப்பார்கள்? இரவு இரண்டு மணிக்கு அந்தத் தொலைபேசியை எடுப்பவர் யார்?

வெள்ளத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மல்வானைப் பக்கத்துப் பிள்ளைகள். எழுதாமல் இருப்பார்களா! 1989 ஜூன் வெள்ளத்தை உம்மும்மாமார் சொல்லக் கேட்டவர்கள். 2016 மே மாத வெள்ளத்தில் கொப்பி புத்தகங்களை இழந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மழைக்காலத்தில் கங்கையின் ஓட்டம் வினாடிக்கு 800 கன மீற்றரைத் தாண்டிப்போகும். அவர்களுடைய கேள்விகள் இரண்டு. ஒன்று, இரசாயனக் களஞ்சியமும் கழிவுநீர்த் தொட்டிகளும் 2016 வெள்ள மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கும்? மற்றது இன்னும் கூர்மையானது. பேட்டைக்காக 40 ஹெக்டேயர் வயலும் தாழ்நிலமும் மண் போட்டு உயர்த்தப்பட்டால், இதுவரை அங்கே தேங்கி நின்ற வெள்ளம் இனி யாருடைய வீட்டுக்குள் போகும்? நிரப்பும் மண்ணின் உயரத்தைக் காணிப் பரப்பால் பெருக்கினால் இடம்பெயரும் நீரின் கனவளவு வரும். 40 ஹெக்டேயர் என்பது 400,000 சதுர மீற்றர். ஒரு மீற்றர் உயர்த்தினால் 400,000 கன மீற்றர். தரம் ஒன்பது கணிதம் போதும்.

ஓர் உம்மா எழுதி அனுப்பிய கேள்வி எல்லாரையும் சிரிக்க வைத்தது: "அந்த முதலாளி இந்தத் தண்ணிய குடிப்பாரா?" கூட்டமொன்றில் கேட்டால் கைதட்டல் கிடைக்கும். பதில் கிடைக்காது. ஆனால் அதனுள்ளே ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது: கண்காணிப்பது யார், முடிவுகளை நமக்குக் காட்டுவார்களா என்பது. ஆலை இயங்குவதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவை. அதற்குக் காலவரையறை உண்டு, புதுப்பிக்க வேண்டும். மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது ஆலையே அமர்த்தும் ஆய்வுகூடமா, வேறொன்றா? திடீரென்று வந்து எடுப்பார்களா, சொல்லிவிட்டு வருவார்களா? முடிவுகளை மாதந்தோறும் பிரதேச செயலகத்தின் அறிவித்தற் பலகையில், தமிழிலும் சிங்களத்திலும், ஒட்டுவீர்களா? இப்படிக் கேட்டால் அந்த உம்மாவின் கோபம் நிபந்தனையாக மாறும். ஆலை வந்த பின்னும் ஒரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதிகார சபையிடம் இருக்கும் பரிசோதனை முடிவுகளை எந்தப் பிரசையும் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் இதே கண்டிப்போடுதான் கேட்க வேண்டும். "ஆயிரம் பேருக்கு வேலை" என்று பதாகையில் எழுதலாம். அந்த ஆயிரத்தில் நிரந்தர வேலை எத்தனை, மேன்பவர் மூலம் நாட்கூலிக்கு எடுப்பது எத்தனை? இந்தப் பிரதேசத்தாருக்கு எத்தனை? இரவு வேலை முடிந்த பெண்பிள்ளைகளை வீட்டு வாசல்வரை கொண்டுவிட வாகனம் உண்டா? ராத்தாவின் அனுபவத்தில் சம்பளத்தை விட அந்த வாகனம்தான் வாப்பாவின் சம்மதத்தைத் தீர்மானித்தது. இன்னொன்றை எந்த மாணவியும் எழுதவில்லை, நான் சேர்க்கிறேன். வெளியூரிலிருந்து ஆயிரக்கணக்கில் வருபவர்கள் பேட்டைக்குள் தங்க மாட்டார்கள், ஊருக்குள் போடிங் அறைகளில் தங்குவார்கள். ஒரு வளவில் பத்து அறை, இரண்டு மலசலகூடம், அதன் குழிக்குப் பக்கத்திலேயே கிணறு. பேட்டையின் கழிவுநீருக்குக் கணக்கு இருக்கும். அந்தக் குழிகளுக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை. நமது பிரதேச சபையிடமும் கேள்வி கேட்க வேண்டிய இடம் இது.

கேள்வி பிந்தினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரிய, ரத்துபஸ்வல பகுதிகளில் கிணற்று நீர் கெட்டுவிட்டது, அமிலத்தன்மை ஏறிவிட்டது என்று மக்கள் பக்கத்து ஆலையைக் குற்றஞ்சாட்டி வீதிக்கு இறங்கினார்கள். 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி அந்த ஆர்ப்பாட்டத்தின்மீது இராணுவம் சுட்டது. இளைஞர் மூவர் இறந்தனர். சுத்தமான குடிநீர் கேட்டதுதான் அவர்கள் செய்தது. கிணறு ஏன் கெட்டது என்ற விவாதம் அதன் பின்னும் நீண்டது. ஆலை வருமுன் அந்தக் கிணறுகளின் நீர் எப்படி இருந்தது என்று அளந்து எழுதிய ஏடு ஊரவர் கையில் இருந்திருந்தால், அந்த விவாதம் வேறு விதமாகப் போயிருக்கும். இதனாலேயே வகுப்பில் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். இரசாயன ஆய்வுகூடத்தின் பி.எச். தாள்களைக் கொண்டு, மாணவிகள் தம் வீட்டுக் கிணறுகளின் நீரைத் தவணைக்கு ஒரு முறை அளந்து, திகதியோடு எழுதி வைக்கிறார்கள். பி.எச். தாள் எல்லாவற்றையும் காட்டிவிடாதுதான். ஆயினும் பத்து வருடத்துக்குப் பின் எவராவது "முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்டால் காட்ட ஓர் ஏடு இருக்கும்.

கேள்வி முந்தினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவல பொஸ்பேற்றுப் படிவை வெளிநாட்டுக் கம்பனியொன்றின் பங்களிப்போடு பெருமளவில் அகழத் திட்டம் வந்தபோது, அப்பகுதி விவசாயிகளும் ஒரு விகாரையின் தேரரும் ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர்கள் பக்கம் நின்றது. முறையான ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இல்லாமல் தொடர முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அவர்களில் விஞ்ஞானிகள் இல்லை. நெல் விளைத்தவர்களும் மாடு வளர்த்தவர்களும் தென்னை வைத்திருந்தவர்களும்தான்.

கருத்து எழுதி அனுப்பும் முறை பற்றிப் பெற்றோர் சிலர் கேட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். முழுவதையும் ஒருவரே வாசிக்கத் தேவையில்லை. நீர், வெள்ளம், கழிவு, கண்காணிப்பு என்று அத்தியாயங்களைப் பிரித்து நாலு வீட்டார் பங்கிட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று இலக்கத்தோடு எழுதுங்கள். ஒரு பந்திக்கு ஒரு கேள்வி போதும். "ஊர் மக்கள் அனைவரும் எதிர்க்கிறோம்" என்று ஐந்நூறு கையொப்பத்தோடு ஒரு கடிதம் அனுப்புவதைவிட, வெவ்வேறு கேள்விகளோடு ஐந்து கடிதங்கள் அனுப்புவது நல்லது. ஐந்துக்கும் தனித்தனியே பதில் தேட வேண்டி வரும். தமிழிலேயே எழுதலாம். பக்கத்து ஊர்ச் சிங்கள அயலவரும் அதே ஆற்றைத்தான் குடிக்கிறார்கள், அவர்களோடும் பேசுங்கள். அவர்களுக்குத் தெரிந்த வெள்ள மட்டமும் வாய்க்காலும் நமக்குத் தெரியாதிருக்கலாம். கடிதத்தின் பிரதியொன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாலகம் தரும் பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். அறிவித்தலில் உள்ள கடைசித் திகதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.